மூன்று மணிக்கு மேல் தண்ணீர் கிடையாது

எங்கள் வண்டியில் ஒரு சட்டம் இருந்தது. யாரும் அதை எழுதி ஒட்டவில்லை, வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் தண்ணீர் கிடையாது, அவ்வளவுதான்.

என் அலுவலகம் எலெக்ட்ரானிக் சிட்டியில், வீடு ஜீவனஹள்ளியில். ஊரின் ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் நடுவே தினமும் கம்பெனி வண்டி. நாங்கள் நான்கு பெண்கள், ஓட்டுநர் ஒருவர். மாலை ஆறு மணிக்குக் கிளம்பி முதலில் மடிவாளாவில் ஒருத்தி இறங்குவாள், அடுத்து கோரமங்களாவில் ஒருத்தி, பிறகு தொம்லூரில் ஒருத்தி, கடைசியாக நான். மேம்பாலச் சாலையில் ஏறிவிட்டால் நடுவில் நிறுத்த இடமே கிடையாது. கீழே இறங்கினால் சில்க் போர்டு சந்திப்பு. அங்கே வண்டி நன்றாகவே நிற்கும், ஆனால் கதவைத் திறந்து வெளியே கால் வைக்க முடியாது. நல்ல நாளில் என் வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம், மழை நாளில் இரண்டரை.

இறங்கும் வரிசைப்படிதான் தண்ணீர் உரிமையும். மடிவாளாக்காரி நாலரை மணிக்குக்கூட ஒரு டீ குடிப்பாள், மகாராணி. கோரமங்களாக்காரி நான்கு மணியோடு நிறுத்திக்கொள்வாள். நானும் தொம்லூர்க்காரியும் மூன்று மணிக்கே பாட்டிலை மூடி மேசைக்கு அடியில் வைத்துவிடுவோம். ஐந்து ஐம்பதுக்கு எங்கள் தளத்துக் கழிப்பறை முன்னால் ஒரு வரிசை நிற்கும் பாருங்கள், ரேஷன் கடையில்கூட அவ்வளவு ஒழுங்கு இருக்காது.

ஓட்டுநரிடம் சொல்லி எங்காவது நிறுத்தச் சொல்லலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்பது சுலபம். அவர் ஸ்ரீராம்புரத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். நான்கு வருடமாக எங்களைக் கொண்டுபோய்க் கொண்டுவருகிறவர், கண்ணாடியில்கூட எங்களைப் பார்க்காத மனிதர். பாட்டை மெதுவாக வைப்பார், ஏ.சி. போதுமா என்று கேட்பார், அதற்கு மேல் பேச மாட்டார். அப்படிப்பட்ட மரியாதைக்காரரிடம் போய், "அண்ணா, அவசரம், நிறுத்துங்க" என்று எப்படிச் சொல்வது? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று இருக்கும். நான்கு வருடத்தில் ஒரு நாள்கூட யாரும் கேட்டதில்லை.

எனக்கு இதில் ஒரு பெருமை வேறு. எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஜீவனஹள்ளி வரை, கொட்டும் மழையில், இரண்டே முக்கால் மணி நேரம் தாங்கிய சாதனை என்னுடையது. பதக்கம் கொடுக்கிற விஷயமாக இருந்தால் வீட்டில் ஒரு அலமாரி நிரம்பியிருக்கும்.

பாட்டிலில் மிஞ்சிய தண்ணீரை வீட்டுக்குள் நுழையும் முன்பே வாசலில் இருந்த கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றிவிடுவேன். காரணம் என் கணவர். அவருக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை. பாதி ஜீவனஹள்ளி அவர் கைபட்ட தண்ணீரைத்தான் குடிக்கிறது. தினமும் காலையில் அவரே பாட்டிலை நிரப்பித் தருவார். அவர் பெண்டாட்டி மட்டும் அதை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தால் மனிதருக்கு மனசு கேட்குமா? செடி மட்டும் அந்தத் தெருவிலேயே இல்லாத அளவுக்குத் தழைத்தது.

என் வேலையையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் முட்டாள்தனத்தின் முழு அளவு தெரியும். எனக்கு மெடிக்கல் கோடிங். அமெரிக்காவில் யாருக்கோ வந்த நோயை மருத்துவர் எழுதிவைப்பார், நான் இங்கே உட்கார்ந்து அதற்குரிய எண்ணைப் போடுவேன். சிறுநீரகத் தொற்றுக்கு ஒரு எண், ரத்தக் கட்டிக்கு ஒரு எண். காய்ச்சல், குளிர், விலாவுக்குப் பின்னால் வலி என்று ஒரு குறிப்பு வந்தால் அடுத்த வரியைப் படிக்காமலே என்ன நோய் என்று சொல்லிவிடுவேன். அந்த மூன்றும் எனக்கே வந்தபோது நாற்காலி சரியில்லை என்று முடிவு செய்து, முதுகுக்கு ஒரு சின்ன மெத்தை வாங்கினேன். சிறுநீர் கழிக்கும்போது எரிந்ததற்குச் சூடு என்று பெயர் வைத்து ஞாயிற்றுக்கிழமை பார்லித் தண்ணீர் குடித்தேன். செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில் எனக்குப் பல் கிட்டியது. ஏ.சி.யைக் குறைக்கச் சொன்னேன். ஏ.சி. ஓடவே இல்லை என்றார்கள்.

அன்று மாலையே வீட்டுக்குப் பக்கத்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். இடது சிறுநீரகத்தில் தொற்று. ஊசியில் மருந்து ஏற்றினார்கள், காய்ச்சல் இறங்கியது, ஆனால் வலி மட்டும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் சிறுநீர் பீட்ரூட் அலசிய தண்ணீர் நிறத்தில் போனது. நர்ஸிடம் சொன்னேன், அவர் முகம் மாறியது, உடனே ஸ்கேன் எடுக்க அழைத்துப் போனார்கள். அறிக்கை வந்ததும் என் மண்டை செய்த முதல் காரியம் அதற்கு எண் போட்டதுதான். எண் போட்டு முடித்த பிறகுதான் அது என் பெயரில் வந்த அறிக்கை என்று உறைத்தது.

மருத்துவர் கன்னடக்காரப் பெண்மணி, தமிழில்தான் பேசினார். "இன்ஃபெக்‌ஷன் வந்தா ரத்தம் ஸ்வல்ப சீக்கிரமா கட்டிக்கும். உடம்புல தண்ணியும் இல்லைன்னா இன்னும் ஈஸி. உங்க லெஃப்ட் கிட்னியில இருந்து ரத்தம் வெளிய வர்ற நரம்புல ஒரு கட்டி உக்காந்திருக்கு. அது உக்காந்தே இருந்தா கிட்னி போகும். எழுந்து நடந்தா லங்ஸுக்குப் போகும். ரெண்டுமே நமக்கு பேடா."

பேடா என்றால் வேண்டாம். எனக்கும் வேண்டாம்தான். என் கணவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?" என்று கேட்டார் மருத்துவர்.

நான் கூரையைப் பார்த்தேன்.

"ரெண்டு லிட்டர் மேடம்," என்றார் கணவர். "நான்தான் தினமும் ரொப்பித் தர்றேன்."

நான் கறிவேப்பிலைச் செடியை நினைத்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது இரண்டு மருந்து தந்தார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை ஒன்று, அது வேலை செய்யத் தொடங்கும் வரை வயிற்றில் போட ஊசி, காலை ஒன்று மாலை ஒன்று. மாத்திரை வேலை செய்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் ஒரு எண் காட்டும், ஐ.என்.ஆர். என்று பெயர். அது இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே வந்து நிற்க வேண்டும். வராத வரை ஊசி நிற்காது, கட்டியும் வளரலாம். மூன்று மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துத்தான் என் இடது சிறுநீரகம் எனக்கு உண்டா இல்லையா என்று சொல்வார்கள்.

ஊசியைக் கணவரே போட்டார். மருத்துவமனையில் ஒரு முறை பார்த்துக் கற்றுக்கொண்டார். வயிற்றுச் சதையை இரண்டு விரலால் பிடித்து, ஃபில்டர் மாட்டுகிற அதே முகபாவத்தோடு போடுவார். ஒழுகுகிறதா என்றுகூடக் குனிந்து பார்ப்பார். என் வயிறு முழுக்கப் பச்சையும் நீலமுமாகக் கன்றிப்போனது. நான் அவரைத் திட்டாத நாள் இல்லை. அவர் சமையலறைக்குப் போய்விடுவார். அந்த நாட்களில் சமையல் முழுக்க அவர்தான். அவர் அரைத்த இட்லிப் பொடி பச்சை நிறத்தில், கொஞ்சம் கசப்போடு, பிரமாதமாக இருந்தது.

"இன்னா பொடி இது?" என்று கேட்டேன்.

"கறிவேப்பிலை. நம்ம தொட்டியிலதான் அவ்ளோ கீதே," என்றார்.

அந்தச் செடியைப் பற்றி மேற்கொண்டு பேச எனக்கு விருப்பமில்லை. இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டேன்.

முதல் பரிசோதனையில் எண் ஒன்று புள்ளி இரண்டு. மருத்துவர் மாத்திரையைக் கூட்டினார். அடுத்த பரிசோதனையில் ஒன்று புள்ளி மூன்று. மருத்துவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கீரை நிறைய சாப்பிடுறீங்களா?"

"கீரையா? எனக்கு வாடையே ஆகாது டாக்டர். சின்ன வயசுல இருந்தே தொட மாட்டேன். இவரைக் கேளுங்க."

இவரைக் கேட்டால் இவர் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். மருத்துவர் மறுபடியும் மாத்திரையைக் கூட்டினார். ஊசி தொடர்ந்தது. எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்தது அந்த வாரம்தான். கொஞ்சம் மூச்சு வாங்கினாலும் கட்டி எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டதோ என்று படிக்கட்டில் அப்படியே நின்றுவிடுவேன். அலுவலகத்தில் நான் எண் போட்டு அனுப்பிய எத்தனையோ பேர் இந்தப் பயத்தோடு படுத்திருப்பார்கள் என்று அப்போதுதான் தோன்றியது. அவர்களை நினைத்து அழுதேன், என்னை நினைத்தும் அழுதேன்.

மூன்றாம் முறையும் எண் ஏறவில்லை. மருத்துவர் பேனாவை எடுத்தார். அப்போது என் கணவர் எழுந்து நின்றார்.

வெட்கமான விஷயம் எதுவானாலும் அவர் கன்னடத்துக்குத் தாவிவிடுவார். கல்யாணமாகிப் பதினோரு வருடம் ஆகியும் எனக்குக் கன்னடம் புரியாது என்று ஒரு நம்பிக்கை. அவர் சொன்னது இதுதான்: பொடி கறிவேப்பிலை இல்லை, முருங்கைக்கீரை. பக்கத்து வீட்டு மரத்தில் பறித்து மொட்டை மாடியில் காயவைத்து அரைத்தது. பொடியில் மட்டுமில்லை, சப்பாத்தி மாவிலும் ரசத்திலும்கூடப் போட்டிருக்கிறார். மாத்திரை ரத்தத்தை மெல்லிசாக்கும் என்று மருத்துவமனையில் சொன்னார்களாம். மெல்லிசாகிக்கொண்டே போனால் கடைசியில் உடம்பில் ரத்தமே மிஞ்சாது என்று அவருக்குக் கணக்கு. அதனால் மாத்திரை ஒரு பக்கம் குறைக்கக் குறைக்க, இவர் மறு பக்கம் ரத்தம் ஊற ஊறக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மருத்துவர் வாயில் கையை வைத்துக்கொண்டார். சிரிப்பு அடங்கியதும் குரல் மாறியது. "மாத்திரை ரத்தத்தைக் குறைக்காது, கட்டாம பாத்துக்கும், அஷ்டே, அவ்ளோதான். கீரையில இருக்கற சத்து அந்த மாத்திரையோட சண்டை போடும். நான் டோஸ் ஏத்த ஏத்த நீங்க கீரை ஏத்தியிருக்கீங்க. இன்னைக்கு நீங்க சொல்லாம, நான் இன்னும் ஏத்தி, நாளைக்கு நீங்க கீரையை நிறுத்தியிருந்தா, இவங்களுக்கு எங்கயாவது ரத்தம் போயிருக்கும். நிக்காது."

பொடியை நிறுத்தச் சொன்னார். மாத்திரையைப் பழைய அளவுக்குக் குறைத்தார். மூன்று நாளில் மறுபடி பரிசோதனை.

ஆட்டோவில் ஏறியதும் ஆரம்பித்தேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா நீ துண்ண மாட்டே."

"செத்துப் போயிருப்பேன், தெரியுமா?"

"நீ செத்துடக் கூடாதுன்னுதாண்டி போட்டேன்," என்றார். சொல்லிவிட்டு அழுதார். அல்சூர் சிக்னலில், பட்டப்பகலில், நாற்பத்திரண்டு வயது ஆள். ஆட்டோக்காரர் கண்ணாடியை வேறு பக்கம் திருப்பிவைத்தார்.

எனக்குக் கோபம் பாதியில் நின்றுபோனது. ஆனால் அவருக்கு அப்போதுதான் வந்தது. "நான் மறைச்சேன், தப்புதான். நீ? நாலு வருஷமா பாட்டில் தண்ணிய செடிக்கு ஊத்தறியே, அத்த யார்கிட்ட சொன்னே? அது இன்னா தண்ணி, எந்த மெஷின் தண்ணின்னு எனக்குத் தெரியாதா? அந்தச் செடி வளர்ற அழகப் பாத்தாலே தெரியலையா?"

"தெரிஞ்சிருந்தா ஏன் கேக்கல?"

"கேட்டா நீ சங்கடப்படுவேன்னு விட்டேன். டாக்டர்கிட்டயும் அதுக்குத்தான் ரெண்டு லிட்டர்னு சொன்னேன்."

வீடு வந்தது. இறங்கும்போது என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். நானும் கையை எடுக்கவில்லை.

மூன்று நாளில் எண் ஒன்று புள்ளி எட்டு. அடுத்த வாரம் இரண்டு புள்ளி மூன்று. ஊசி நின்றது. ஆறாவது வாரம் வேலைக்குப் போகலாம் என்றார் மருத்துவர், ஒரு நிபந்தனையோடு. மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர். மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்கவே கூடாது. இன்னொரு தொற்று வந்தால் அந்த இடது சிறுநீரகத்துக்குத் தாங்கும் சக்தி கிடையாது.

முதல் நாள் மூன்று மணிக்குக் குடித்தேன். நான்குக்குக் குடித்தேன். ஐந்துக்கும் குடித்தேன். தொம்லூர்க்காரி என்னைப் பார்த்த பார்வையில் ஒரு வீராங்கனைக்கு வழியனுப்பு விழா நடந்தது. ஐந்து ஐம்பதுக்கு வரிசையில் நின்றேன், ஆறுக்கு வண்டி ஏறினேன். மேம்பாலத்தைத் தாண்டும்வரை சமாளித்தேன். சில்க் போர்டில் மழை பிடித்தது. மடிவாளாக்காரி இறங்கவில்லை, ஏனென்றால் வண்டியே நகரவில்லை. முக்கால் மணி நேரம். என் வயிற்றுக்குள் இருந்த மூன்று டம்ளரும் ஒன்றாகக் கூடிப் போராட்டம் நடத்தின.

வீடு இன்னும் ஒரு மணி நேரம். பழைய நானாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு பதக்கம் வாங்கியிருப்பேன். ஆனால் கட்டி இன்னும் உள்ளே இருக்கிறது. ஸ்கேன் வர இன்னும் ஒன்றரை மாதம். ஒரு பக்கம் வெட்கம், மறு பக்கம் சிறுநீரகம். இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்று தெரிந்தது.

"அண்ணா."

"சொல்லும்மா."

"அடுத்து வர்ற பெட்ரோல் பங்க்ல கொஞ்சம் நிறுத்துங்க. எனக்கு பாத்ரூம் போகணும்."

நான் கண்ணாடியைப் பார்த்தேன். நான்கு வருடத்தில் முதல்முறையாக அவரும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"நெசமாவா?" என்றார். அந்தக் குரலில் இருந்தது கோபமில்லை, பரவசம். "நிறுத்தட்டா? யாரும் தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"இல்லண்ணா."

"எனக்கு டோல்கேட்ல இருந்தே முட்டிக்கினு கீதும்மா! நாலு வருஷமா தெனமும் இதே கதை. வண்டில எல்லாம் லேடீஸு, நடுவுல நிறுத்திட்டு எறங்கிப் போனா கம்ப்ளெயிண்ட் குடுத்துடுவீங்களோன்னு அடக்கிக்கினே ஓட்டறேன். மத்தியானத்துக்கு மேல தண்ணியே குடிக்கறதில்ல."

மடிவாளாக்காரி, "நிறுத்துங்கண்ணா, எனக்கும்," என்றாள். கோரமங்களாக்காரி கையைத் தூக்கினாள். தொம்லூர்க்காரி பேசும் நிலையில் இல்லை, தலையை மட்டும் ஆட்டினாள்.

பங்க்குக்குள் வண்டி நுழைந்ததும் முதலில் ஓடியவர் ஓட்டுநர்தான். சாவியைக்கூட எடுக்கவில்லை. நாங்கள் நான்கு பேரும் மழையில் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு பெண்கள் பக்கம் நின்று, வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்த நிலையில் சிரிப்பது ஆபத்து என்று தொம்லூர்க்காரி கெஞ்சினாள்.

திரும்பி வந்து ஏறப்போகும்போது ஓட்டுநரின் கதவு திறந்திருந்தது. அவர் இருக்கையில், முதுகுப் பக்கம், ஒரு சின்ன மெத்தை. புதியது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது. நான் வாங்கினேனே, அதே மாதிரி.

என் சிரிப்பு நின்றது. "அண்ணா, இது எதுக்கு?"

"அதும்மா, ரெண்டு வாரமா இந்தப் பக்கம் பிடிச்சாப்பல கீது. சீட்டு சரியில்ல, மாத்தணும்," என்று இடது விலாவுக்குப் பின்னால் கையை வைத்துக் காட்டினார்.

"காய்ச்சல் வருதா? குளிருதா? எரியுதா?"

அவர் காதைச் சொறிந்தார். எத்தனையோ நோயாளிகளுக்குக் கடல் தாண்டி எண் போட்டவள் நான். கண் முன்னால் நிற்கிற ஒருவரிடம் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

"நாளைக்குக் காலைல வண்டி வேணாம்ணா. நாங்க பஸ்ல போயிக்கறோம். நீங்க போய் யூரின் டெஸ்ட் குடுங்க," என்றேன். அவர் மறுக்க வாயெடுத்தார். பின்னாலிருந்து மூன்று பெண்களும் ஒரே குரலில், "குடுங்கண்ணா!" என்று கத்தினார்கள்.

அவருக்கும் தொற்றுதான், கூடவே ஒரு சின்னக் கல். சீக்கிரம் தெரிந்ததால் மாத்திரையோடு போயிற்று. என்னுடைய கட்டியும் கரைந்தது. மூன்றாம் மாத ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "கிட்னி உங்களுக்குத்தான்" என்றார் மருத்துவர். நான் நாற்காலியிலேயே கொஞ்ச நேரம் அழுதேன். என் கணவர் எழுந்து நின்று, மிகுந்த மரியாதையோடு, முருங்கைக்கீரையை மறுபடி எப்போது தொடங்கலாம் என்று கன்னடத்தில் கேட்டார். மாத்திரை முடியட்டும் என்று அவரை உட்கார வைத்தார் மருத்துவர்.

வாசலில் கறிவேப்பிலைச் செடி இப்போது கொஞ்சம் வாடியிருக்கிறது. கணவர் அதற்குத் தனியாகத் தண்ணீர் ஊற்றுகிறார்.

தினமும் மாலையில் அந்த பங்க் வந்ததும் வண்டியின் வேகம் குறையும். சில நாள் எங்கள் நால்வருக்குமே தேவையிருக்காது, நேரே போகலாம் என்போம். அவர் அப்போதும் ஓரமாக ஒடித்து நிறுத்துவார். கண்ணாடியில் எங்களைப் பார்த்து, கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொல்வார்.

"எனக்கு வேணும்மா."